வீட்டுக் கணினியில் கிளவுட் சேமிப்பு: எங்கிருந்து தொடங்குவது?

தாழ்வாரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் எங்கள் வீட்டு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது. அன்று மாலைக்குள் செத்துவிட்டது. நல்லவேளையாக அதில் இருந்தவை பெரும்பாலும் கணினியிலும் இருக்கின்றன. ஆனால் இனி இந்த ஒரே கணினியை நம்பி உட்கார மனம் வரவில்லை. கிளவுடில், அதாவது இணையம் வழியாக ஒரு நிறுவனத்தின் கணினிகளில், போட்டு வைக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

வீட்டில் விண்டோஸ் 11 உள்ள மேசைக்கணினி ஒன்று, எல்லோரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் லேப்டாப் ஒன்று. மேசைக்கணினியில் காப்பாற்ற வேண்டியவை ஏறத்தாழ 140 ஜிபி. அதில் 110 ஜிபி படங்களும் வீடியோக்களும். மீதியில் சான்றிதழ்கள், வரிக் கணக்குகள், அப்புறம் அப்பா எழுதிய கடிதங்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து வைத்த ஃபோல்டர். அந்தக் கடிதங்களில் பாதிக்குக் காகிதமே இப்போது இல்லை, ஈரம் பட்டு அழிந்துவிட்டன. ஸ்கேன்தான் மிச்சம்.

நேற்று கூகுள் டிரைவின் கணினிச் செயலியை நிறுவினேன். 'ஸ்ட்ரீம்' வேண்டுமா, 'மிரர்' வேண்டுமா என்று கேட்டது. எதை அழுத்தினால் எது போய்விடுமோ என்று பயந்து மூடிவிட்டேன். என் சந்தேகங்கள் மிக அடிப்படையானவை. கிளவுடுக்குப் போனபின் கணினியில் இடம் காலியாகுமா? கணினியில் அழித்தால் அங்கேயும் அழியுமா? முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?


நிழற்குடை எழுதியது:

மூடியது நல்ல காரியம். புரியாமல் 'அடுத்து, அடுத்து' என்று அழுத்திப் போனவர்களுக்குத்தான் நான் அதிகம் உதவ வேண்டியிருந்திருக்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே அதில் அடங்கியிருக்கிறது. ஆம், கணினியில் அழித்தால் கிளவுடிலும் அழியும். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ், ஐகிளவுட் எல்லாமே வழக்கமான அமைப்பில் செய்வது ஒத்திசைவு, அதாவது சிங்க். உங்கள் கணினியில் ஒரு ஃபோல்டர் இருக்கும். சின்ன நிரல் ஒன்று அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நீங்கள் ஒரு கோப்பைச் சேர்த்தால் அங்கேயும் சேர்க்கும். திருத்தினால் அங்கேயும் திருத்தும். அழித்தால் அங்கேயும் அழிக்கும். லேப்டாப்பிலும் அதே கணக்கு இருந்தால், அங்கிருந்தும் அழியும். இரண்டு பக்கமும் எப்போதும் ஒன்றுபோல இருக்க வேண்டும், அதுதான் அந்த நிரலுக்குத் தெரிந்த ஒரே வேலை.

பேக்கப் என்பது வேறு. இங்கே என்ன நடந்தாலும் அந்த நகல் அசையாமல் கிடக்க வேண்டும். சிங்க் வேறு, பேக்கப் வேறு. இந்த ஒரு வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

இப்போது அந்தக் கேள்வி. 'மிரர்' என்றால் கோப்புகள் முழுவதும் கணினியிலும் இருக்கும், கிளவுடிலும் இருக்கும். இடம் மிச்சமாகாது, ஆனால் இணையம் இல்லாவிட்டாலும் திறக்கலாம். 'ஸ்ட்ரீம்' என்றால் கோப்புகள் கிளவுடில் இருக்கும். கணினியில் பெயரும் ஐகானும் மட்டும் தெரியும், திறக்கும்போது இறங்கி வரும். இடம் மிச்சம். ஆனால் பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால், கையில் இருப்பது முழுக் கோப்பா வெறும் பெயரா என்று ஏமாந்துபோக வாய்ப்புண்டு.

முதல் நாள் வேலை இது. அப்பாவின் கடிதங்களைத் தொடவே வேண்டாம். 'சோதனை' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, தேவையில்லாத 10 படங்களின் நகலை அதில் போடுங்கள். உலாவியில் டிரைவைத் திறந்து அவை வந்துவிட்டனவா என்று பாருங்கள். கணினியில் ஒன்றை அழியுங்கள், அங்கே அது காணாமல் போவதைக் கண்ணால் பாருங்கள். பிறகு குப்பைத்தொட்டியிலிருந்து மீட்டெடுங்கள், கணினிக்குத் திரும்பி வரும். ஒரு கோப்பின் பெயரை மாற்றுங்கள். லேப்டாப்பிலும் நுழைந்து பாருங்கள். அரை மணி நேரம் இப்படி விளையாடினால், பத்துக் கட்டுரை படித்தாலும் வராத தெளிவு வரும்.


சாளரம் எழுதியது:

எவ்வளவு இடம் இலவசம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கூகுள் 15 ஜிபி, ஒன்டிரைவ் 5, ஐகிளவுட் 5, டிராப்பாக்ஸ் 2, மெகா என்ற சேவை 20. உங்கள் 140 ஜிபி எதிலும் இலவசமாக அடங்காது.

கூகுளின் 15 ஜிபி டிரைவுக்கு மட்டும் உரியதல்ல. ஜிமெயிலும் கூகுள் ஃபோட்டோஸும் அதே 15-க்குள்தான். 2021 ஜூன் 1-க்குப் பிறகு ஏற்றிய படங்கள் எல்லாமே இந்தக் கணக்கில் வரும், அதற்கு முன் 'ஹை குவாலிட்டி' என்ற, படத்தின் அளவைக் குறைத்துச் சேமிக்கும் முறையில் ஏற்றியவை வராது. இடம் நிறைந்துவிட்டால் புதிய மின்னஞ்சல்கூட வராது. வங்கியின் கடிதத்துக்காகக் காத்திருக்கும் நாளில் இது நடந்தால் எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் முதன்மையான மின்னஞ்சல் கணக்கில் படங்களைக் கொட்டுமுன் எவ்வளவு இடம் மீதி என்று பாருங்கள்.

என் ஆலோசனை, 30 ஜிபி ஆவணங்களை முதலில் பிரித்தெடுங்கள். அதில் உண்மையிலேயே ஈடு செய்ய முடியாதவை 10 ஜிபிகூட இருக்காது. முதலில் அவை ஏறட்டும். படங்களுக்குக் கட்டணத் திட்டம் எடுப்பதா, வேறு வழியா என்பதை நிதானமாக முடிவு செய்யலாம்.


தாழ்வாரம் எழுதியது:

நன்றி. சோதனை ஃபோல்டர் போட்டுப் பார்த்தேன். அழித்தது அங்கே மறைந்ததும் நெஞ்சு ஒரு கணம் நின்றது, பிறகு மீட்டேன். இப்போது பயம் குறைந்திருக்கிறது.

ஆனால் புதிதாக ஒன்றைக் கவனித்தேன். என் டெஸ்க்டாப்பில் உள்ள கோப்புகளின் ஐகான் பக்கத்தில் ஏற்கெனவே பச்சை டிக் இருக்கிறது, சிலவற்றில் நீல மேகம். நான் ஒன்டிரைவை நிறுவியதே இல்லை. இது எப்படி வந்தது?


நிழற்குடை எழுதியது:

விண்டோஸ் 11-இல் ஒன்டிரைவ் கூடவே வருகிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கால் கணினியில் நுழைந்தபோது அதுவும் இயங்கத் தொடங்கியிருக்கும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய மூன்று ஃபோல்டர்களையும் அது தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு. அப்படி எடுக்கும்போது அந்த ஃபோல்டர்கள் இருக்கும் இடமே மாறுகிறது. டெஸ்க்டாப்பில் ஒரு கோப்பை ரைட் கிளிக் செய்து அதன் பண்புகளைப் பாருங்கள். பாதையில் 'ஒன்டிரைவ்' என்ற சொல் இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

ஐகான்களைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். நீல மேகம் என்றால் கோப்பு கிளவுடில் மட்டும் இருக்கிறது, உங்கள் டிஸ்க்கில் இல்லை. வெள்ளை வட்டத்தில் பச்சை டிக் என்றால் இறங்கி வந்திருக்கிறது, ஆனால் இடம் போதாமல் போனால் விண்டோஸ் அதைத் திரும்ப மேகமாக்கலாம். முழுப் பச்சை வட்டத்தில் வெள்ளை டிக் என்றால் எப்போதும் இந்தக் கணினியில் இருக்கும்படி நீங்களே சொல்லி வைத்தது. கடிதங்கள் உள்ள ஃபோல்டருக்கு இந்த மூன்றாவதுதான் வேண்டும். ரைட் கிளிக் செய்தால் அந்தத் தெரிவு கிடைக்கும். பக்கத்திலேயே இடத்தைக் காலி செய்யும் தெரிவும் இருக்கும். அது கோப்பை அழிக்காது, மேகமாக்கும். இடம் வேண்டுமானால் டெலீட்டை அழுத்தாமல் அதை அழுத்துங்கள்.

இந்த மூன்று ஃபோல்டர்களையும் ஒன்டிரைவிடமிருந்து திரும்ப எடுக்க நினைத்தால், அமைப்பில் நிறுத்தியதும் டெஸ்க்டாப் வெறுமையாகத் தெரியலாம். பதற வேண்டாம். கோப்புகள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கும், அங்கிருந்து எடுத்துப் பழைய இடத்தில் வைக்கலாம். ஆனால் எல்லாம் இறங்கி முடிந்த பிறகு நிறுத்துங்கள், அதற்கு முன் வேண்டாம்.

ஒரே ஃபோல்டரை இரண்டு சேவைகளின் சிங்க்குக்கும் கொடுக்காதீர்கள். இரண்டு நிரல்கள் ஒரே கோப்பை இருபக்கமும் இழுத்தால் இரட்டை நகல்கள் குவியும்.


தூரிகை எழுதியது:

மேலே சொன்ன டெலீட் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். யாருக்காவது பயன்படட்டும்.

நான் ஓவியம், வடிவமைப்பு வேலை செய்பவள். நான்கு வருட வரைவுகள் சிங்க் ஃபோல்டரில் இருந்தன. எந்தச் சேவை என்பது முக்கியமல்ல, எதில் செய்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். ஒரு நாள் லேப்டாப்பில் இடம் தீர்ந்துபோனது. 'எல்லாம்தான் கிளவுடில் இருக்கிறதே' என்று பழைய வேலைகள் இருந்த ஃபோல்டரை லேப்டாப்பில் அழித்தேன். எச்சரிக்கைப் பெட்டி ஒன்று வந்தது, படிக்காமல் சரி என்று அழுத்தினேன். இடம் கிடைத்தது, வேலை ஓடியது.

இரண்டு மாதம் கழித்து ஒருவர் பழைய வரைவு ஒன்றைக் கேட்டார். உலாவியில் திறந்தால் அந்த ஃபோல்டரே இல்லை. குப்பைத்தொட்டியில் பார்த்தேன், 30 நாள் முடிந்து நிரந்தரமாகப் போயிருந்தது. உதவி மையத்துக்கு எழுதினேன், மீட்க முடியாது என்றார்கள். மின்னஞ்சலில் அனுப்பியிருந்த சில படங்கள் மட்டும் கிடைத்தன. மீதி இன்றுவரை இல்லை.

அந்த 30 நாள் கணக்கை எல்லோரும் மனதில் வையுங்கள். கூகுள் டிரைவில் குப்பைக்குப் போனது 30 நாளில் தானாக அழியும். தனிநபர் ஒன்டிரைவிலும் 30 நாள்தான். டிராப்பாக்ஸின் இலவசக் கணக்கிலும் அழித்ததை 30 நாளுக்குள் மீட்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை மட்டுமே திறக்கும் கோப்பு ஒன்று காணாமல் போனதை 30 நாளுக்குள் யார் கவனிப்பார்கள்? எனக்கு அது தெரியாமல்தான் போனது.


ஒற்றையடிப்பாதை எழுதியது:

தூரிகை, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். ஆனாலும் புதிதாக வருபவரை இவ்வளவு பயமுறுத்தக்கூடாது என்றே நினைக்கிறேன். என் லேப்டாப் தண்ணீரில் விழுந்து ஒரே நொடியில் போனது. புதிய கணினி வாங்கி, கணக்கில் நுழைந்து, இரவு படுத்து எழுந்தபோது எல்லாக் கோப்புகளும் அதே ஃபோல்டர்களில் இருந்தன. சிங்க் இல்லாதிருந்தால் எனக்கு ஒன்றுமே மிஞ்சியிருக்காது.

பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வசதியையும் யாரும் சொல்லவில்லை. ஒரு வேர்டு கோப்பில் பாதியைத் தவறுதலாக அழித்துச் சேமித்துவிட்டால், நேற்றைய பதிப்பை எடுக்கலாம். கூகுள் டிரைவில் வேர்டு, பிடிஎஃப் போன்ற கோப்புகளுக்குப் பழைய பதிப்புகள் 30 நாள் வரை அல்லது 100 பதிப்பு வரை இருக்கும், ஒரு பதிப்பை எப்போதும் வைத்திரு என்று குறித்தும் வைக்கலாம். டிஸ்க் பழுது, திருட்டு, கைத்தவறு ஆகிய மூன்றிலிருந்தும் இது காக்கிறது. சாதாரண வீட்டுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. இன்னொரு டிஸ்க் வாங்கி மாதாமாதம் நகலெடுங்கள் என்று சொன்னால், பெரும்பாலானவர்கள் எதையுமே செய்யாமல் விட்டுவிடுவார்கள். தானாக நடப்பதே உண்மையில் நடக்கும்.


நிழற்குடை எழுதியது:

கடைசி வரியை முழுதும் ஒப்புக்கொள்கிறேன். தானாக நடக்காத பேக்கப் மூன்றாம் மாதம் நின்றுவிடும். ஆனால் 'இதுவே போதும்' என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ரேன்சம்வேரை, அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய நிரலை, எடுத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டால் சிங்க் நிரலுக்கு அது வெறும் 'திருத்தம்'. பூட்டிய கோப்புகளை உடனே கிளவுடுக்கு ஏற்றும், அங்கிருந்து லேப்டாப்புக்கும் அனுப்பும். பழைய பதிப்புகள் இருந்தால் மீளலாம்தான், ஆனால் ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு எடுக்க உட்கார்ந்து பார்த்தால் தெரியும். ஒன்டிரைவில் மொத்தமாக ஒரு நாளுக்குத் திருப்பும் வசதி இருக்கிறது, ஆனால் அது மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவோடு வருவது.

இரண்டாவது, கணக்கே கைவிட்டுப் போகலாம். கடவுச்சொல் திருடு போகலாம். கூகுளில் இரண்டு ஆண்டு யாரும் நுழையாத தனிநபர் கணக்கையும் அதில் உள்ளவற்றையும் அழிக்கலாம் என்பது 2023-இல் வந்த விதி. ஒரே கணக்கில் எல்லாமும் இருந்தால், கதவும் ஒன்றே, பூட்டும் ஒன்றே.

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 முறையைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வீட்டுக்கு வெளியே. கணினியில் இருப்பது ஒன்று, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று. வீட்டுக்கு வெளியே இருக்கும் நகல் கிளவுடால் கிடைத்துவிடுகிறது, அதுதான் கிளவுடின் பெரிய பலம். செத்த டிஸ்க்குக்குப் பதில் தாழ்வாரம் இன்னொரு டிஸ்க் வாங்கத்தான் வேண்டும். அதை எப்போதும் செருகி வைக்காமல், நகலெடுத்ததும் கழற்றி வைக்க வேண்டும்.


ஒற்றையடிப்பாதை எழுதியது:

ரேன்சம்வேர் விஷயம் சரிதான், அதை நான் எண்ணவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் மூன்று நகல் வேண்டாம். கடிதங்களுக்கும் சான்றிதழ்களுக்கும் வேண்டும். 110 ஜிபி வீடியோவில் எத்தனை முறை பார்க்கப்போகிறோம்?


தாழ்வாரம் எழுதியது:

அதில் அப்பாவின் குரல் இருக்கும் வீடியோக்களும் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துத் தனியே வைக்கிறேன். மற்றவற்றைப் பற்றி நீங்கள் சொல்வது சரி.

நேற்று இரவு ஆவணங்களை ஏற்றத் தொடங்கினேன். வீட்டில் யாராலும் வீடியோ அழைப்பு பேச முடியவில்லை, இணையம் திணறுகிறது. காலையில் பார்த்தால் நான்கே ஜிபிதான் ஏறியிருக்கிறது. இது இயல்பா?


சாளரம் எழுதியது:

இயல்புதான். இணைப்பு வாங்கும்போது சொல்லும் வேகம் பெரும்பாலும் பதிவிறக்க வேகம். பதிவேற்ற வேகம் பல இணைப்புகளில் அதைவிட மிகக் குறைவு. அதோடு அது மெகாபிட், கோப்பின் அளவு மெகாபைட். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். பதிவேற்றம் 10 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 10 மெகாபிட், என்றால் நொடிக்கு 1.25 மெகாபைட்தான் போகும். அந்த வேகத்தில் 140 ஜிபி ஏற இடைவிடாமல் 31 மணி நேரம் ஆகும். நடைமுறையில் இன்னும் கூடும்.

செயலியின் அமைப்புகளில் பதிவேற்ற வேகத்துக்கு வரம்பு போடும் இடம் இருக்கிறது, ஒன்டிரைவ், கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் மூன்றிலும் உண்டு. பகலில் பாதி வேகம் கொடுங்கள், இரவில் வரம்பை எடுத்துவிடுங்கள். நான்கு ஜிபியில் நின்றதற்குக் கணினி தூங்கிப்போனதுதான் காரணமாக இருக்கும். இரவில் ஸ்லீப் ஆகாதபடி பவர் அமைப்பை மாற்றுங்கள், திரை மட்டும் அணையட்டும். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டாம்.

சின்னச் சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் ஒரே பெரிய கோப்பைவிட மெதுவாக ஏறும், அதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.


தூரிகை எழுதியது:

பாதுகாப்பைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. கணக்கில் இரண்டு படி சரிபார்ப்பை, அதாவது கடவுச்சொல்லுக்குப் பிறகு ஃபோன் போன்ற இன்னொன்றாலும் உறுதிசெய்யச் சொல்லும் அமைப்பை, போட்ட பிறகே முக்கியமான எதையும் ஏற்றுங்கள். கூகுளில் போட்டால் 10 காப்புக் குறியீடுகள் தரும், ஒவ்வொன்றும் 8 இலக்கம். ஃபோன் தொலைந்தாலும் அவற்றைக் கொண்டு உள்ளே போக முடியும். அவற்றைக் காகிதத்தில் எடுத்து வீட்டில் பத்திரப்படுத்துங்கள். அந்தக் குறியீடுகளையே அதே டிரைவில் சேமித்து வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சாவியைப் பூட்டிய அறைக்குள்ளேயே வைத்த மாதிரிதான் அது.


தாழ்வாரம் எழுதியது:

போட்டுவிட்டேன். குறியீடுகள் ஒரு நகல் என்னிடம், ஒன்று தங்கையிடம்.

அந்த நிறுவனத்தில் இருப்பவர்கள் என் கோப்புகளைப் பார்க்க முடியுமா? கடிதங்களில் குடும்ப விஷயங்கள் நிறைய இருக்கின்றன. அதனால்தான் கேட்கிறேன்.


நிழற்குடை எழுதியது:

நேர்மையான பதில்: தொழில்நுட்பப்படி முடியும். பெரும்பாலான சேவைகளில் கோப்புகள் பூட்டப்பட்டே இருக்கின்றன, ஆனால் சாவியும் அவர்களிடமே இருக்கிறது. ஊழியர்கள் சும்மா திறந்து பார்க்கும்படி விட்டுவைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் சட்டப்படி கேட்கப்பட்டால் அவர்களால் கொடுக்க முடியும்.

சாவி உங்களிடம் மட்டும் இருக்க வேண்டுமென்றால் வழிகள் உண்டு. மெகா தொடக்கத்திலிருந்தே அப்படிப்பட்டது. ஐகிளவுடில் 2022 டிசம்பர் முதல் மேம்பட்ட தரவுப் பாதுகாப்பு என்ற அமைப்பு வந்தது, நீங்களாக இயக்கினால்தான் வேலை செய்யும். எந்தச் சேவையோடும் சேர்த்துப் பயன்படுத்தக் கிரிப்டோமேட்டர் என்ற திறமூல நிரல் இருக்கிறது. கோப்புகளை உங்கள் கணினியிலேயே பூட்டி, பூட்டிய வடிவில் மட்டும் மேலே அனுப்பும். ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே பூட்டுவதால் ஒன்றைத் திருத்தினால் அந்த ஒன்றுதான் மறுபடி ஏறும்.

ஆனால் ஒன்றை நன்றாக யோசியுங்கள். அந்தக் கடவுச்சொல்லும் மீட்புச் சாவியும் தொலைந்தால் உலகத்தில் யாராலும் திறக்க முடியாது. உங்களுக்குப் பிறகு தங்கையோ பிள்ளைகளோ அந்தக் கடிதங்களைப் படிக்க வேண்டாமா? யாரோ ஒருவர் பார்த்துவிடுவாரோ என்ற கவலை பெரிதா, ஒருவருமே பார்க்க முடியாமல் போகும் கவலை பெரிதா? குடும்பக் கடிதங்களுக்கு எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது. அடையாள ஆவணங்கள், வங்கி விவரங்கள் இருக்கும் சின்ன ஃபோல்டருக்கு மட்டும் கிரிப்டோமேட்டர் போடுங்கள் என்பேன்.


புது வாசகர் ஒருவர் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் வீட்டுக் கணினியில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ் மிண்ட். கூகுள் டிரைவுக்கு இதே போன்ற செயலி எனக்குக் கிடைக்குமா?


சாளரம் எழுதியது:

கூகுள் லினக்ஸுக்குச் செயலி தரவில்லை. டிராப்பாக்ஸ் தருகிறது. இல்லையென்றால் ஆர்குளோன் என்ற கட்டளைவரி நிரல் கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் உட்படப் பல சேவைகளோடு பேசும். அதில் 'காப்பி' என்ற கட்டளையும் 'சிங்க்' என்ற கட்டளையும் உண்டு. 'காப்பி' அந்தப் பக்கம் எதையும் நீக்காது. 'சிங்க்' இந்தப் பக்கம் இல்லாததை அந்தப் பக்கமும் நீக்கிவிடும். பழகும்வரை 'காப்பி' மட்டும் பயன்படுத்துங்கள். எந்தக் கட்டளையையும் முதலில் 'டிரை ரன்' தெரிவோடு ஓட்டிப் பாருங்கள், என்ன செய்யப்போகிறது என்பதை மட்டும் காட்டும், செய்யாது.

தாழ்வாரத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டிரைவிலேயே உருவாக்கிய கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ் கோப்புகள் இருக்கின்றனவா? கணினியில் டிரைவ் ஃபோல்டரில் அவை கோப்பு மாதிரியே தெரியும். ஆனால் உள்ளே எழுத்து எதுவும் இல்லை, ஆவணம் எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டும்தான். அதை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் நகலெடுத்தால் முகவரிதான் நகலாகும். அவற்றைக் காப்பாற்ற வேர்டு அல்லது பிடிஎஃப் ஆகப் பதிவிறக்க வேண்டும், மொத்தமாக வேண்டுமானால் கூகுள் டேக்அவுட் வழியாக எடுக்கலாம்.


தாழ்வாரம் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நடந்ததை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

ஆவணங்கள் 9 ஜிபி, அப்பாவின் குரல் உள்ள வீடியோக்கள் 17 ஜிபி. இவற்றுக்காகக் கட்டணத் திட்டம் ஒன்று எடுத்தேன். மிரர் முறையில் வைத்திருக்கிறேன். புதிய எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் 140 ஜிபி முழுவதும் நகலெடுத்துக் கழற்றி வைத்தாயிற்று. மாதத்தின் முதல் ஞாயிறு அதற்கென்று ஃபோனில் நினைவூட்டல் போட்டிருக்கிறேன். தங்கைக்குக் கடிதங்கள் ஃபோல்டரைப் பகிர்ந்தேன். 'இணைப்பு உள்ள எவரும்' என்பதை விட்டு, அவள் மின்னஞ்சலுக்கு மட்டும், பார்க்கும் அனுமதியோடு.

நிழற்குடை ஐயா சொன்ன சோதனையைப் பெரிய அளவில் செய்து பார்க்க நினைத்தேன். மேசைக்கணினி போய்விட்டது என்று வைத்துக்கொண்டு, லேப்டாப்பில் உலாவி வழியாகக் கடிதங்கள் ஃபோல்டர் முழுவதையும் இறக்கினேன். 1,842 கோப்புகள். இரண்டு பக்கமும் எண்ணிக்கை சரியாக இருந்தது. மகிழ்ச்சியோடு மூடப் போனேன், ஏதோ ஓர் எண்ணம், ஆண்டுக்கு ஒன்றாகத் திறந்து பார்த்தேன்.

ஒரே ஓர் ஆண்டின் கடிதங்கள் மட்டும் திறக்கவில்லை. 'கோப்பு இல்லை' என்றது. மேசைக்கணினியில் அதே கோப்பு நன்றாகத் திறக்கிறது. வெகுநேரம் புரியவில்லை. கடைசியில் பார்த்தால், அந்த ஆண்டுக்குரிய 38 கோப்புகளும் ஷார்ட்கட்கள், மூலக் கோப்பு எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டுபவை. ஸ்கேன் செய்த காலத்தில் கோப்புகளை மேசைக்கணினியின் டி டிரைவில் வேறொரு ஃபோல்டரில் வைத்துவிட்டு, ஷார்ட்கட்டை மட்டும் இங்கே இழுத்துப் போட்டிருக்கிறேன். கிளவுடில் ஏறியதும் அந்த ஷார்ட்கட்கள்தான். எண்ணிக்கை சரியாக வந்ததும் அதனால்தான். அந்த ஆண்டு அப்பா வெளியூரில் தனியாக இருந்த ஆண்டு. மிக நீளமான கடிதங்கள் எழுதியது அப்போதுதான்.


நிழற்குடை எழுதியது:

சாளரம் சொன்ன முகவரிக் கோப்பின் கதையேதான் இது, வேறு உருவத்தில் வந்திருக்கிறது. கண்டுபிடித்தீர்களே, அதுவே பெரிது. மேசைக்கணினி உயிரோடு இருக்கும்போதே தெரிந்தது.

இப்போதே ஒரு வேலை செய்யுங்கள். ஃபோல்டரில் விவரப் பார்வைக்குப் போய், வகை என்ற பத்தியைக் கொண்டு வரிசைப்படுத்துங்கள். ஷார்ட்கட்கள் எல்லாம் ஒன்றாகத் திரளும். ஐகானின் மூலையில் சின்ன அம்புக்குறி இருந்தாலும் அதுதான். மற்ற ஃபோல்டர்களிலும் பாருங்கள். மூலக் கோப்புகளைக் கடிதங்கள் ஃபோல்டருக்குள் நகலெடுத்து, அவை மேலே ஏறி முடிந்ததைப் பார்த்த பிறகு ஷார்ட்கட்களை நீக்குங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் டி டிரைவின் அந்த ஃபோல்டர் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.


தாழ்வாரம் எழுதியது:

வரிசைப்படுத்திப் பார்த்தேன். சான்றிதழ்கள் ஃபோல்டரில் இன்னும் ஏழு கிடைத்தன. டி டிரைவின் ஃபோல்டர் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இல்லை, அதையும் இப்போது சேர்க்கிறேன். 38 கடிதங்களும் ஏறிக்கொண்டிருக்கின்றன, இதை எழுதும்போது 31 முடிந்திருக்கிறது. மீதி ஏழும் ஏறியதும் லேப்டாப்பில் மறுபடி இறக்கி, ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கப் போகிறேன். தங்கையும் கூட உட்கார்ந்திருக்கிறாள், திறக்கும்போது அவள் வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.